அத்தியாயம் 6: பிளே-ஆஃப் காலம் – வழி தெரிந்து ஆட்டம் பார்த்தல்

2010 நவம்பர் தொடக்கத்தில், கான்கூன் நகரில், அமெரிக்க மகளிர் கால்பந்து அணி மெக்சிகோவிடம் 2-1 என்று தோற்றது. அதுவரை நடந்த ஐந்து உலகக் கோப்பைகளிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த அணி அது. அந்த ஒரு தோல்வியால் நேரடித் தகுதி போனது. இத்தாலியோடு இரண்டு ஆட்டம் ஆடி வென்றால்தான் 2011 உலகக் கோப்பை என்ற நிலை. பதுவாவில் நடந்த முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடியப்போகும் நேரத்தில், மாற்று வீராங்கனையாக இறங்கிய இளம் அலெக்ஸ் மார்கன் இஞ்சுரி டைமில் கோல் அடித்தார். இல்லினாயில் நடந்த இரண்டாம் ஆட்டமும் 1-0. அடுத்த ஜூலையில் அதே அணி பிராங்க்பர்ட்டில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜப்பானை எதிர்த்து நின்றது.

இது ஒரு தடவை நடந்த அதிசயம் இல்லை. 2017-ல் ஐரோப்பிய சாம்பியனான நெதர்லாந்து, 2018 இறுதியில் டென்மார்க்கையும் சுவிட்சர்லாந்தையும் பிளே-ஆஃபில் வென்றுதான் 2019 உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. லியோனில் நடந்த இறுதி ஆட்டம் வரை போனது. ஆகவே, பிளே-ஆஃப் என்றால் பலவீனமான அணிகள் மோதும் இடம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

பிளே-ஆஃபைப் பின்தொடர்வதில் ஒரு சிக்கல் உண்டு. உலகக் கோப்பை தொடங்கினால் செய்தித்தாளே அட்டவணை போட்டுத் தரும். பிளே-ஆஃப் அப்படி இல்லை. விதிமுறை ஒவ்வொரு முறையும் மாறும், நடுராத்திரியில் நடக்கும், ஒளிபரப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். வென்ற அணி எங்கே போகிறது, தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா என்பது தெரியாமல் பார்த்தால் அந்தத் தொண்ணூறு நிமிடம் சாதாரண நட்பு ஆட்டமாகத்தான் தெரியும். வழி தெரிந்துவிட்டால் ஒவ்வொரு கார்னருக்கும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவீர்கள். அந்த வழியை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

1. நான்கு கேள்விகள்

எந்தப் பிளே-ஆஃப் என்றாலும், குலுக்கல் முடிந்த அன்றே ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: எத்தனை அணிகள், எத்தனை இடங்கள்?
இரண்டு: ஒரே ஆட்டமா, உள்ளூர்-வெளியூர் என இரண்டு லெக்கா?
மூன்று: வென்றால் நேராகத் தகுதியா, இன்னொரு சுற்று பாக்கியா?
நான்கு: தோற்றவர்களுக்கு வேறு கதவு இருக்கிறதா?

ஒரே கண்டம், ஒரே அமைப்பு; ஆனால் விடைகள் எவ்வளவு மாறுகின்றன என்று பாருங்கள்.

2023 உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் ஒன்பது பிரிவுகள். முதலிடம் பெற்ற ஒன்பது அணிகளும் நேராகப் போயின. இரண்டாமிடம் பெற்ற ஒன்பதும் 2022 அக்டோபரில் பிளே-ஆஃப் ஆடின. அவற்றில் சிறந்த மூன்று அணிகளான ஐஸ்லாந்து, அயர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகியவற்றுக்கு முதல் சுற்று விலக்கு. எல்லாமே ஒற்றை ஆட்டம்; யாருடைய மைதானம் என்பதும் குலுக்கலில் முடிவானது. இரண்டாம் சுற்றில் வென்றவை மூன்று அணிகள். ஆனால் நேரடி இடம் இரண்டுதான். பிரிவு ஆட்டங்களையும் அந்த ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தையும் சேர்த்துப் புள்ளி கணக்கிட்டு, மூன்றாவதாக வந்த அணி இன்னொரு பிளே-ஆஃபுக்காக நியூசிலாந்து போக வேண்டும். ஐஸ்லாந்தைக் கூடுதல் நேரத்தில் 4-1 என்று வீழ்த்திய போர்ச்சுகலுக்குத்தான் அந்த மூன்றாமிடம் வாய்த்தது. நான்கு கோல் அடித்தும் வேலை முடியவில்லை. மூன்றாம் கேள்வியை எழுதாதவர்களுக்கு அன்று இரவு எதுவும் புரிந்திருக்காது.

ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பான யூரோ 2025-க்கான முறை வேறு. நேஷன்ஸ் லீக் பாணியில் ஏ, பி, சி என மூன்று அடுக்கு. பிளே-ஆஃபுக்கு வந்தவை 28 அணிகள், இடங்கள் ஏழு. இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் இரண்டு லெக். மேல் அடுக்கில் கடைசியாக வந்த அணிக்கும் இங்கே வாய்ப்பு உண்டு. இங்கிலாந்து, பிரான்ஸ், சுவீடன் இருந்த பிரிவில் கடைசி இடம் பெற்ற அயர்லாந்து அப்படித்தான் வந்தது.

2027 பிரேசில் உலகக் கோப்பைக்கு மறுபடி மாற்றம். ஏ அடுக்கின் நான்கு பிரிவு வெற்றியாளர்களுக்கு மட்டுமே நேரடி இடம். பிளே-ஆஃபில் 32 அணிகள். இரண்டு சுற்று தாண்டும் எட்டில் ஏழு தகுதி பெறும், எட்டாவது அணி கண்டங்களுக்கிடையிலான பிளே-ஆஃபுக்குப் போகும். பழைய விதியை மனப்பாடம் செய்து வைத்திருப்பதால் பயனில்லை என்பதற்கு இந்த மூன்றும் போதும்.

2. கடிகாரம்: அக்டோபர் கடைசி ஞாயிறைக் குறித்துக்கொள்ளுங்கள்

கிளப்புகள் வீராங்கனைகளை விட்டுத்தர வேண்டிய நாட்களை ஃபிஃபா முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. பிளே-ஆஃப் ஆட்டங்கள் அந்த நாட்களுக்குள்தான் வரும்: பெரும்பாலும் அக்டோபர், நவம்பர்-டிசம்பர் சந்திப்பு, பிப்ரவரி. குலுக்கல் நடக்கும் முன்பே இந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கலாம்.

நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். 2024-ல் அது 27-ஆம் தேதி. வேல்ஸ்-ஸ்லோவாக்கியா முதல் லெக் 25-ஆம் தேதி, இரண்டாம் லெக் 29-ஆம் தேதி. அதாவது ஒரே மோதலின் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் நேரக் கணக்கே மாறிவிட்டது. முதல் ஆட்டத்தின் கணக்கை அப்படியே இரண்டாவதற்கும் வைத்துக்கொண்டால் தப்பாகும்.

இந்திய, இலங்கை நேரப்படி ஒரு கணக்கு:

– பிரிட்டன், அயர்லாந்து, போர்ச்சுகலில் மாலை 7:30 ஆட்டம்: கோடை நேரத்தில் நமக்கு நள்ளிரவு 12:00, குளிர்கால நேரத்தில் 1:00.
– ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, போலந்து போன்ற மத்திய ஐரோப்பாவில் இரவு 8:00 ஆட்டம்: கோடையில் 11:30, குளிர்காலத்தில் 12:30.
– பிப்ரவரியில் நியூசிலாந்தில் இரவு 7:30 ஆட்டம்: அதே நாள் நண்பகல் 12:00.
– ஜப்பானில் மாலை 6:30 ஆட்டம்: பிற்பகல் 3:00.
– பிரேசிலியாவில் மாலை 4:00 ஆட்டம்: நள்ளிரவு 12:30.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் இவற்றோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டினால் தேதியும் மாறும். ஐரோப்பாவில் டிசம்பர் 3 இரவு ஆட்டம் என்றால் நமக்கு அது 4-ஆம் தேதி அதிகாலை. அலாரம் வைக்கும்போது மணியை மட்டும் பார்க்காமல் தேதியையும் பாருங்கள். மறுநாள் வேலை இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள்: கூடுதல் நேரமும் பெனால்டி ஷூட்-அவுட்டும் வந்தால் ஆட்டம் முடிய ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அதிகமாகும்.

3. ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

28 அல்லது 32 அணிகளையும் ஒரே சமயத்தில் பின்தொடர முடியாது. முயன்றால் எதுவும் மனத்தில் தங்காது. ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, அதன் கடந்த மூன்று தகுதிச்சுற்றுகளைத் தேடிப் படியுங்கள். புதிதாக வருபவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு வேல்ஸ்.

யூரோ 2022 தகுதிச்சுற்றில் வேல்ஸும் வட அயர்லாந்தும் சம புள்ளி. நேருக்கு நேர் ஆடிய இரண்டும் டிரா: நியூபோர்ட்டில் 2-2, பெல்ஃபாஸ்டில் 0-0. வெளியூரில் அடித்த கோலுக்கு அதிக மதிப்பு என்ற விதி அப்போது இருந்ததால் வட அயர்லாந்து பிளே-ஆஃபுக்குப் போனது; உக்ரைனை வென்று முதன்முறையாக யூரோவும் ஆடியது. வேல்ஸ் வீட்டில் இருந்தது.

2022 அக்டோபரில் வேல்ஸ், போஸ்னியாவை ஜெஸ் ஃபிஷ்லாக்கின் கூடுதல் நேர கோலால் வென்று சூரிச் போனது. சுவிட்சர்லாந்துக்கு எதிராக முதலில் கோல் அடித்ததும் வேல்ஸ்தான். 1-1 என்று கூடுதல் நேரமும் தீர்ந்து, எல்லோரும் பெனால்டிக்குத் தயாரானபோது, 121-ஆவது நிமிடத்தில் சுவிட்சர்லாந்தின் ஃபாபியென் ஹும் அடித்த கோல் கதையை முடித்தது.

இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு 2024 டிசம்பர் 3 அன்று டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக நடந்த யூரோ 2025 பிளே-ஆஃப் ஆட்டத்தைப் பார்த்தவருக்கும், அன்றுதான் முதன்முதலாக வேல்ஸைப் பார்த்தவருக்கும் ஒரே ஆட்டம் தெரிந்திருக்காது. வேல்ஸ் 2-0 என்று முன்னிலை பெற்ற பிறகு, 86-ஆவது நிமிடத்தில் அன்னா பாட்டன் அயர்லாந்துக்காக ஒரு கோலைத் திருப்பினார். சூரிச்சை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் பின் வந்த நிமிடங்கள் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இம்முறை வேல்ஸ் தாங்கியது. மகளிர் அணி பெரிய போட்டி ஒன்றுக்குத் தகுதி பெற்றது அதுவே முதல் முறை.

யூரோவில் நெதர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்றிடமும் தோற்று வேல்ஸ் திரும்பியது உண்மை. ஆனால் பிரான்ஸுக்கு எதிராக, பெரிய போட்டியில் வேல்ஸின் முதல் கோலை அடித்தவர் 38 வயது ஃபிஷ்லாக். போஸ்னியா ஆட்டத்திலிருந்து பின்தொடர்ந்தவர்களுக்கு அந்தக் கோல் எண்ணிக்கையில் வரும் வெறும் ஒன்று இல்லை.

4. இரண்டு லெக் மோதலைப் பார்ப்பது

டெஸ்ட் கிரிக்கெட்டில் முதல் இன்னிங்ஸ் முன்னிலையை எப்படிப் படிக்கிறோமோ, அப்படித்தான் முதல் லெக் ஸ்கோரையும் படிக்க வேண்டும். அது முடிவு இல்லை. இரண்டாம் ஆட்டத்தின் தொடக்கப் புள்ளி.

மேலே சொன்ன வேல்ஸ்-ஸ்லோவாக்கியா மோதலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொப்ராத் நகரில் வேல்ஸ் 2-0 என்று பின்தங்கியிருந்தது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கோலைத் திருப்பி 2-1 என்று முடித்தது. தோல்விதான்; ஆனால் இரண்டு கோல் கடனோடு வருவதும் ஒரு கோல் கடனோடு வருவதும் ஒன்றா? கார்டிஃபில் ஃபிஷ்லாக் ஒரு கோல் அடித்ததும் கூட்டு ஸ்கோர் சமம். கூடுதல் நேரத்தில் கெரி ஹாலண்ட் அடித்த கோலால் 3-2. பொப்ராத்தின் கடைசி நிமிடங்கள் இல்லாவிட்டால் டப்ளினும் இல்லை, யூரோவும் இல்லை. முதல் லெக்கில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறது என்று எப்போதும் கவனியுங்கள்.

பழைய ரசிகர்கள் சிலர் இன்னும் வெளியூர் கோல் கணக்குப் போடுவார்கள். ஐரோப்பிய அமைப்பான யூஃபா 2021-ல் அந்த விதியை நீக்கிவிட்டது. இப்போது கூட்டு ஸ்கோர் சமமானால் முப்பது நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. அந்த முப்பது நிமிடமும் இரண்டாம் லெக் நடத்தும் அணியின் மண்ணில் நடக்கும் என்பதால், இரண்டாம் லெக் யாருடைய ஊரில் என்பது சின்ன விஷயம் இல்லை. வேறு கண்டங்களில் விதி வேறாக இருக்கலாம். போட்டியின் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சொந்த மைதானம் உதவும் என்றாலும் அதுவே முடிவைத் தீர்மானிப்பதில்லை. டப்ளின் ஒரு சான்று. 2024 ஒலிம்பிக் தகுதிக்கு மொராக்கோவும் ஜாம்பியாவும் மோதியது இன்னொன்று. ஜாம்பியா சொந்த மண்ணில் 2-1 என்று தோற்றது. ராபாத்தில் கூடுதல் நேரத்தில் 2-0 என்று வென்று பாரிஸ் போனது.

இரண்டாம் லெக்குக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. முதல் ஆட்டத்தில் யாருக்கு மஞ்சள் அட்டை, அதனால் யாருக்குத் தடை? யார் காயத்தோடு வெளியேறினார்? பயிற்சியாளர் மாற்று வீராங்கனைகளை எப்போது இறக்கினார்? கூடுதல் நேரத்துக்குப் போனால் பெரும்பாலான போட்டிகளில் இன்னொரு மாற்றத்துக்கு இடம் உண்டு. அந்த ஒருவரைப் பயிற்சியாளர் பெனால்டிக்காகவே வைத்திருக்கிறாரா என்று ஊகிப்பதும் ஒரு சுகம்.

5. ஒரே ஆட்டம் என்றால்

ஒற்றை ஆட்டத்தில் திருத்திக்கொள்ள நாள் இல்லை. 2022 அக்டோபர் 11, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க். ஸ்காட்லாந்து-அயர்லாந்து. 72-ஆவது நிமிடத்தில் ஆம்பர் பாரெட் அடித்த ஒரே கோல் அயர்லாந்தை முதல் உலகக் கோப்பைக்கு அனுப்பியது. கோல் அடித்ததும் பாரெட் கையிலிருந்த கறுப்புப் பட்டையைச் சுட்டிக் காட்டினார். நான்கு நாட்களுக்கு முன் டொனகால் மாவட்டத்தின் கிரீஸ்லோ கிராமத்தில் நடந்த வெடிவிபத்தில் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். பாரெட்டுக்கு அந்த மாவட்டம் சொந்த மண். ஆட்டத்துக்கு முன் இரு நாட்டுச் செய்திகளையும் பத்து நிமிடம் புரட்டுவது இதற்காகத்தான். ஸ்கோர் மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கை எங்கே காட்டியது என்று தெரியாது.

2023 பிப்ரவரியில் நியூசிலாந்தில் நடந்த கண்டங்களுக்கிடையிலான பிளே-ஆஃப், ஒற்றை ஆட்டங்களின் இன்னொரு வடிவம். பத்து அணிகள், மூன்று இடங்கள். ஹாமில்டன், ஆக்லாந்து ஆகிய இரண்டு ஊர்களில் ஆட்டங்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டதால் புதியவர்கள் தொடங்குவதற்கு அது எளிய இடமாக இருந்தது.

போர்ச்சுகல், கேமரூனை 2-1 என்று வென்றது. வெற்றி கோல் இஞ்சுரி டைமில் கரோல் கோஸ்டா அடித்த பெனால்டி. ஹெய்ட்டி, சிலியை 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் 19 வயது மெல்ஷி டுமோர்னே அடித்தவை. பனாமா, பராகுவேயை 1-0 என்று வென்றது. மூன்று அணிகளுக்கும் அதுவே முதல் உலகக் கோப்பை. அந்தப் போர்ச்சுகல் ஆறு மாதத்துக்குள் உலகக் கோப்பையில் அமெரிக்காவை 0-0 என்று நிறுத்தியது. இஞ்சுரி டைமில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து உள்ளே போயிருந்தால், நடப்புச் சாம்பியன் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போயிருக்கும்.

6. ஆட்டத்துக்கு முந்தைய நாட்கள்

அணிப்பட்டியல் வழக்கமாக ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன் வெளியாகும். பெயர்களை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் கிளப் பெயரையும் பாருங்கள். சிறிய நாடுகளின் அணியில் இரண்டு மூன்று பேர் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்க லீக்குகளில் ஆடுவார்கள். மற்றவர்கள் உள்ளூர் லீக். அந்த இரண்டு மூன்று பேரைச் சுற்றித்தான் ஆட்டம் கட்டப்படும். யாராவது ஒருவர் விலகினால் செய்தி எப்படி வருகிறது என்று கவனியுங்கள். முழங்கால் தசைநார்க் காயம், அதாவது ஏ.சி.எல்., மகளிர் கால்பந்தில் அடிக்கடி வருவது. அது நேர்ந்தால் பெரும்பாலும் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று போய்விடும்.

ஒளிபரப்பு உரிமை போட்டிக்குப் போட்டி, நாட்டுக்கு நாடு மாறும். தேடும் வரிசை இது: முதலில் போட்டி நடத்தும் அமைப்பின் சொந்தத் தளம் (எடுத்துக்காட்டாக, யூஃபாவுக்கு யூஃபா டிவி), பிறகு ஆட்டத்தை நடத்தும் நாட்டின் கால்பந்துச் சங்கத்தின் யூடியூப் சேனல், பிறகு உங்கள் நாட்டு விளையாட்டுச் சேனல்கள். இரண்டு நாள் முன்பே பார்த்துவைத்து, கணக்குத் தொடங்கி, உள்நுழைந்து பாருங்கள். நள்ளிரவில் கடவுச்சொல் மறந்து தவிப்பதில் அர்த்தமில்லை. நேரலை கிடைக்காவிட்டால் உள்ளூர் வானொலியின் இணைய ஒலிபரப்பு கைகொடுக்கும். வர்ணனையாளரின் குரலே பாதி ஆட்டத்தைக் காட்டிவிடும்.

7. நேரில் போகிறவர்களுக்கு

பிரிட்டன், அயர்லாந்து, ஐரோப்பிய நகரங்களில் வசிக்கும் தமிழ் வாசகர்களுக்கு இந்த ஆட்டங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆண்கள் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் டிக்கெட் பெரும்பாலும் மலிவு. குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் அதிகம். டிக்கெட்டை அந்த நாட்டுச் சங்கத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். எந்த அணியின் ரசிகர் பகுதி என்று பார்த்து வாங்குங்கள். எதிரணி நிறச் சட்டையோடு உள்ளூர்ப் பகுதியில் உட்காருவது நல்லதல்ல.

பயணச்சீட்டை, ஓட்டலை முன்பதிவு செய்யும்போது ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள். பிளே-ஆஃபில் இடம் மாறும். 2024 பிப்ரவரியில் ஒலிம்பிக் தகுதிக்காக வட கொரியாவும் ஜப்பானும் மோத வேண்டிய முதல் லெக் பியோங்யாங்கில் நடப்பதாக இருந்தது. ஆட்டத்துக்குச் சில நாட்களே இருக்கையில் அது சவூதி அரேபியாவின் ஜெத்தாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே 0-0, டோக்கியோவில் நடந்த இரண்டாம் லெக்கில் ஜப்பான் 2-1. கோல் கோட்டைத் தாண்டப் போன பந்தை ஜப்பான் கோல்கீப்பர் யமாஷிதா அயாகா ஒரு கையால் வெளியே தள்ளியது இன்றும் பேசப்படுகிறது.

ஊர் மாறாமல் மைதானம் மட்டும் மாறுவதும் உண்டு. அயர்லாந்து மகளிர் அணி பல ஆண்டுகள் ஆடிவந்த மைதானம் டாலாட்; வேல்ஸுக்கு எதிரான இரண்டாம் லெக் பெரிய அவீவா அரங்கில் நடந்தது. டப்ளின் என்று நினைவு வைத்தால் போதாது. கடைசி ரயில், கடைசிப் பேருந்து எப்போது என்று பார்க்கும்போது கூடுதல் நேரத்தையும் பெனால்டியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆட்டம் முடியும் முன் எழுந்து போக நேர்ந்தால் அன்று வந்ததே வீண்.

8. ஆசிய வழியும் இந்தியாவும்

பிளே-ஆஃப் என்று பெயர் இல்லாமலேயே பிளே-ஆஃப் ஆகிவிடும் ஆட்டங்கள் உண்டு. 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். 2026 ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரிவின் முதலிடத்துக்கு மட்டுமே இடம். மங்கோலியாவை 13-0, திமோர்-லெஸ்டேவை 4-0, ஈராக்கை 5-0 என்று வென்று இந்தியா வந்தது. தாய்லாந்தும் மூன்றிலும் வென்று ஒன்பது புள்ளிகளோடு நின்றது. கடைசி ஆட்டம் இருவருக்கும் நேருக்கு நேர். சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரண்டு கோல்களால் இந்தியா 2-1 என்று வென்றது. தகுதிச்சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்கு இந்திய மகளிர் அணி போனது அதுவே முதல் முறை.

ஆசியக் கோப்பையே உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றும் ஆகும். 2027-க்கான கணக்கு இப்படி: அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளும் நேராகத் தகுதி. காலிறுதியில் தோற்ற நான்கு அணிகளும் இரண்டு ஆட்டம் ஆடும். வெல்லும் இரண்டும் உலகக் கோப்பைக்கு, தோற்கும் இரண்டும் கண்டங்களுக்கிடையிலான பிளே-ஆஃபுக்கு. காலிறுதியில் தோற்றதும் டிவியை அணைத்துவிடுபவர்கள் தவறவிடுவது இந்த இரண்டு ஆட்டங்களைத்தான்.

இந்திய வீராங்கனைகளைத் தெரிந்துகொள்ள இந்திய மகளிர் லீக்கைப் பின்தொடருங்கள். மதுரையின் சேது எஃப்சி 2018-19-ல் அதை வென்ற அணி. கடலூர் இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் இந்தியாவுக்கு ஆடியதும் இந்த லீக் வளர்ந்த காலத்தில்தான்.

9. தோற்ற பிறகு

உங்கள் அணி தோற்றால் மறுநாள் காலையே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடாதீர்கள். யூரோ 2022 பிளே-ஆஃபில் போர்ச்சுகல் ரஷ்யாவிடம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. உக்ரைன் மீதான போருக்குப் பின் ரஷ்யா தடை செய்யப்பட, 2022 மே மாதம் அந்த இடம் போர்ச்சுகலுக்கு வந்தது. இது அரிது; எதிர்பார்த்து உட்காரக் கூடாது.

எதிர்பார்க்க வேண்டியது வேறு. பிளே-ஆஃப் தோல்வி பெரும்பாலும் பயிற்சியாளரின் நாற்காலியை ஆட்டும். அயர்லாந்தின் எய்லீன் கிளீசனின் ஒப்பந்தம் டப்ளின் தோல்விக்குப் பின் நீட்டிக்கப்படவில்லை. மூத்த வீராங்கனைகள் ஓய்வை அறிவிப்பார்கள். பணமும் போகும்: யூரோ 2025-ல் பங்கேற்ற ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது 18 லட்சம் யூரோ கிடைத்தது, அதில் 30 முதல் 40 சதவீதம் வீராங்கனைகளுக்குத் தரப்பட வேண்டும் என்றும் விதி. டப்ளினில் வேல்ஸின் ஹன்னா கெயின் அடித்த பெனால்டியோடு அந்தத் தொகையும் ஒரு சங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது. புதிய பயிற்சியாளர் யார், அடுத்த தகுதிச்சுற்றில் எந்த அடுக்கு, யாரெல்லாம் மிச்சம் என்பதைப் படியுங்கள். வேல்ஸின் சூரிச் இரவுக்குப் பின் படித்தவர்கள்தான் டப்ளினை முழுதாக அனுபவித்தார்கள்.

10. ஒட்டிவைத்துக்கொள்ள ஒரு பட்டியல்

குலுக்கல் நாள்: நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதவும். ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கவும். அதன் எதிரணியின் கடைசி ஐந்து முடிவுகளைப் பார்க்கவும்.

இரண்டு வாரம் முன்: அணிப்பட்டியல், காயங்கள், கிளப்புகள். நேரில் போவதானால் டிக்கெட், ரத்து செய்யக்கூடிய பயணச்சீட்டு.

இரண்டு நாள் முன்: ஒளிபரப்பு எங்கே என்று உறுதி செய்து உள்நுழையவும். உள்ளூர் நேரத்தை நம் நேரமாக மாற்றவும். நடுவில் அக்டோபர் கடைசி ஞாயிறு வருகிறதா?

ஆட்ட நாள்: மைதானம் மாறவில்லை என்று உறுதி செய்யவும். இரு நாட்டுச் செய்திகளில் பத்து நிமிடம். தொடக்க அணி ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியாகும்.

முதல் லெக் முடிந்ததும்: கூட்டு ஸ்கோர், மஞ்சள் அட்டைகள், காயங்கள் ஆகியவற்றை அதே தாளில் சேர்க்கவும்.

எல்லாம் முடிந்ததும்: வென்ற அணியின் அடுத்த ஆட்டத் தேதியை எழுதவும். தோற்ற அணிக்கு அடுத்த தகுதிச்சுற்று எப்போது என்றும் எழுதவும். தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாண்டு கழித்து அதே அணி மறுபடி பிளே-ஆஃபுக்கு வரும்போது முதலில் தேடப்போவது இதைத்தான்.